ஒன்பதாம் படியில் ஒரு நிழல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அன்று அழாமல் இருந்திருந்தால், என் முறை வந்ததும் நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத ஒரு தபால் ஆபீசை ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று யாரிடமாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இல்லாத தபால் ஆபீஸ் என்றால் இதுதான்: பன்னிரண்டு கல்படிகளும் ஆறு தூண்களுமாக நின்ற எங்கள் பழைய தலைமைத் தபால் நிலையத்தை, சாலையை அகலப்படுத்தப் பதினோரு வருடத்துக்கு முன் இடித்துவிட்டார்கள். இடித்து முடித்த பிறகுதான் எல்லோருக்கும் அதன்மேல் பாசம் பொங்கியது. நகர ஆவணக் காப்பகம் ஓர் அறிவிப்பு விட்டது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்திலாவது, எந்த மூலையிலாவது அந்தக் கட்டிடம் தெரிந்தால் கொண்டுவாருங்கள். கம்ப்யூட்டருக்குள் அதைத் திரும்பக் கட்டுகிறோம். ஆயிரத்து முந்நூற்று நாற்பது படங்கள் வந்தன. கட்டிவிட்டார்கள். முகத்தை மூடுகிற மாதிரி ஒரு கனத்த கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டால் படிகளுக்குக் கீழே நிற்பீர்கள். தலையைத் திருப்பினால் கட்டிடமும் திரும்பும்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற தையல்கடை அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கண்ணாடியை மாட்டிய இரண்டாவது நிமிடத்தில் கையை நீட்டித் தரையைக் காட்டி, "தம்பி" என்றார்.

பக்கத்தில் நின்ற காப்பக ஊழியர் ஓடிவந்தார். "சொல்லுங்கம்மா."

"உங்களை இல்லப்பா. என் தம்பி. இதோ நிக்கிறான்."

அவர் காட்டியது, பக்கத்துத் திரையில் பார்த்தால், படிகளில் கிடந்த ஒரு நிழல். பிறகு அழுதார். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் மூக்கோரமாக வழிந்து இறங்கியது. விலை உயர்ந்த கருவி நனைகிறதே என்று ஊழியர் தவிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

2

தொடக்கங்கள்.

"நினைவு என்பது கல்லால் கட்டப்பட்டதல்ல, ஒளியால்" (நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு வாக்கியம் எழுதுகிறவரோடு ஒரே பெஞ்சில் உட்கார எனக்கே பிடிக்காது.)

"அன்று வானம்" (வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. காப்பகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தோம். ஜன்னலே கிடையாது.)

"தையல்கடை அம்மாளின் வாழ்க்கையில் அன்றுதான்" (வாழ்க்கையில் அன்றுதான் என்று ஆரம்பிக்கிற எதையும் நான் முடித்ததில்லை.)

மூன்றையும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் சப்பாத்திக் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்த நிழலை விட்டுவச்சது யாரு? அவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க" என்றாள். எளிதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் சரியாகச் சொன்னாள்.

3

விட்டுவைத்தது ரப்பரக்கா.

காப்பகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. (முதலில் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கைகட்டித் தள்ளி நின்றார். 'அவள்' என்று மாற்றியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கதை முடியும்வரை இப்படியே இருக்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டாள்.)

அவள் வேலை மனிதர்களை அழிப்பது. கல்லும் தூணும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். மனிதன் அப்படி இல்லை. ஒரு படத்தில் இங்கே இருப்பான், அடுத்த படத்தில் காணாமல் போயிருப்பான். கம்ப்யூட்டர் குழம்பிப்போய் அவனையும் தூணோடு சேர்த்துக் கட்டிவிடும். சுவரிலிருந்து ஒரு தோளோ பையோ கட்டி மாதிரி முளைத்து நிற்கும். அதனால் படத்தை உள்ளே அனுப்புவதற்கு முன் அதிலுள்ள எல்லா மனிதர்களின் மேலும் கருப்பு பூச வேண்டும். முகம், கை, காற்றில் பறக்கும் புடவைத் தலைப்பு, கைக்குழந்தை, கைக்குழந்தையின் தொப்பி. ஏழு மாதத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேரை அப்படிப் பூசியிருக்கிறாள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவள் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம். வரமுடியாமல் போனவர்களைக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள்: வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அண்ணன், ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தப்பா, போன வருடம் இறந்துபோன அப்பா. ஒரு மணப்பெண் தன் ஆல்பத்தைப் பார்த்து, "அப்பா வந்துட்டாரு. ஆனா இந்தச் சட்டை அவரோடது இல்ல" என்று சொல்லி அழுததை இன்னும் மறக்கவில்லை அவள்.

வீட்டுக்காரர் தினமும் கேட்பாராம்: "இன்னைக்கு எத்தனை பேரை ஒழிச்ச? எல்லாரையும் ஒழி. நம்ம கல்யாண ஆல்பத்துப் பக்கம் மட்டும் போயிடாத தாயே."

நிழல்களையும் அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நிழல் மனிதன் மாதிரி இல்லை. மனிதனை எடுத்தால் பின்னால் இருக்கும் கல்லை வேறு படத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். நிழல் கல்லின் மேலேயே படுத்திருக்கிறது. கல்லின் சொரசொரப்பு அதற்குள் தெரிகிறது. படிகளின் வலப்பக்க ஓரம் ஒரே ஒரு படத்தில்தான் காலியாக இருந்தது. மற்றப் படங்களில் எல்லாம் அங்கே யாராவது உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலேயே உட்கார அவ்வளவு வாகான இடம் வேறு இல்லைபோல. அந்த ஒரு படத்தில் ஐந்தாம் படியின் நடுவில், கைக்குழந்தையை மடியில் வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் குழந்தையையும் அழித்தாகிவிட்டது. ஆனால் படத்துக்கு வெளியே, வலது விளிம்புக்கு அப்பால், யாரோ நின்றிருக்கிறார்கள். அந்த ஆள் படத்தில் இல்லை. நிழல் மட்டும் உள்ளே நுழைந்து, படிபடியாக மடிந்து ஏறி, தலை ஒன்பதாம் படியில் கிடக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நிழல். மற்றக் கால் மடங்கி முட்டியில். ஒரு தோள் சற்றுச் சரிந்து.

'அப்புறம் பார்க்கணும்' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினாள். பிறகு அந்தச் சீட்டின்மேல் வேறு சீட்டுகள் ஏறிவிட்டன.

4

வெள்ளிக்கிழமை அழுத அம்மாளை ரப்பரக்காவின் அறையில்தான் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தாள்.

"யாரும்மா அது?"

"என் தம்பிங்க. ஒத்தைக் கால்ல நிக்கிறான் பாருங்க, அப்படித்தான் நிப்பான். சின்ன வயசுல பாதம் உடைஞ்சு சரியாக் கூடல. கொஞ்ச நேரம் நின்னா வலிக்கும். தூக்கி இந்த முட்டில வச்சுக்குவான்."

"அது வெறும் நிழல்தாம்மா. மூஞ்சி தெரியலையே."

"மூஞ்சி எதுக்குங்க? நான் தையல்காரி. முதுகைப் பாத்தே யாரு தோள்னு சொல்லிடுவேன்."

அப்பாவின் தையல்கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். தம்பியும் அதே கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தவன்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன், அவனுக்குப் பத்தொன்பது வயது, ஒருவரின் பேன்ட்டில் ஒரு காலை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டான். அப்பா அந்த வாடிக்கையாளர் முன்னாலேயே மர ஸ்கேலால் அடித்தார். தம்பி கத்தரியை மேசைமேல் வைத்தான். வெளியே போனான்.

"நான் பட்டனுக்குக் காஜா போட்டுக்கிட்டு இருந்தேன். நிமிந்துகூடப் பாக்கல. சாப்பாட்டுக்கு வந்துடுவான்னு நெனச்சேன்" என்றார் தையல்கடை அம்மாள். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை.

"அவன் படம் வீட்டுல இருக்குமே? கொண்டுவாங்க, ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"இருக்கு. ஆனா இல்லைங்க" என்றார் அவர்.

மறுநாள் ஆல்பத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. தம்பி போன அடுத்த வாரம் அப்பா ஆல்பத்தை மடியில் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் அவனை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். குடும்பம் முழுக்க இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. ரப்பரக்கா ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். காது மடல் வளைவில்கூடக் கத்தரி பிசகவில்லை. நல்ல கை என்று முதலில் தோன்றியது அவளுக்கு. பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அக்காவின் தோளில் தம்பி கைபோட்டு நின்ற படம். ஆள் போய்விட்டான், கை போய்விட்டது, நான்கு விரல்கள் மட்டும் அக்காவின் தோள்மேல் இருந்தன.

"அதை வெட்டணும்னா என்னையும் சேத்து வெட்டணும். அப்பாவுக்கு அதுக்கு மனசு வரல."

(இங்கே "அந்த நான்கு விரல்களும் இருபத்தாறு வருடமாக" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்திருந்தேன். முடிக்கவில்லை. முடித்தால் கெட்டுவிடும்.)

5

இந்த இடத்தில் என் மனைவிக்கு ஒரு சந்தேகம். "நிழல் அவன்தானா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா? எழுதறவர் நீங்கதானே?"

எழுதுகிறவன் நான்தான். அதனால் தெரியவேண்டும் என்று என்ன கட்டாயம்? ரப்பரக்காவுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். அவள் முயற்சி செய்யாமல் இல்லை.

தம்பி கடைவாசலில் தனியாக நின்ற படம் ஒன்று. அதில் முழு உருவத்துக்கும் ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, படிகளில் மடிந்து கிடந்த நிழலை நிமிர்த்தி நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். தோள் பொருந்தியது. தலை பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிதாக்கினாள். தலை பொருந்தியது, இடுப்பு தள்ளிப்போய்விட்டது. சந்தேகம் வந்து, ஆபீஸ் சுற்றுலாப் படத்திலிருந்து தன் மேலதிகாரியான திட்டத் தலைவரின் உருவத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். தம்பியைவிட அவர் நன்றாகப் பொருந்தினார். அதோடு அதை மூடிவிட்டாள்.

நிழல் விழுந்த படத்தைக் கொடுத்தவருக்குப் போன் போட்டாள்.

"அது எங்கம்மா. மடியில இருக்கிற குழந்தை நான்தான்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"உங்களுக்கு அப்ப என்ன வயசு சார்?"

"அதுதான் தகராறு. ஆறு மாசம்னு அம்மா சொல்லுவாங்க. அப்பா ஒரு வயசுக்கு மேலம்பாரு. ரெண்டு பேரும் இப்ப இல்ல."*

"ஓரத்துல ஒரு நிழல் விழுதே, யாருன்னு தெரியுமா?"

"நிழலா? நான் பாத்ததே இல்லையே."

* கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் என்றால் தம்பி அப்போது வீட்டில் இருந்தான். ஒரு வயதுக்கு மேல் என்றால் வீட்டைவிட்டுப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. அப்படியானால் போனவன் எங்கேயும் போகவில்லை. கடையிலிருந்து நான்கு தெரு தள்ளித் தபால் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான். இதை ரப்பரக்கா தையல்கடை அம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள்.

6

திங்கட்கிழமை இன்னொருவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். வெள்ளோட்டத்துக்கு வந்திருந்தவர்களில் யாரோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு நேரே ரப்பரக்காவிடம் வந்தார்.

"ஒம்பதாம் படியில இருக்கிறது நான்மா."

"சார்?"

"தோள் ஒரு பக்கம் எறங்கியிருக்கு பாத்தீங்களா? முப்பத்தோரு வருஷம் பை மாட்டின தோள். மத்தியான மெயில் வண்டிக்காக அந்த மூலையிலதான் நிப்பேன். செருப்பு கடிக்கும். ஒரு காலத் தூக்கிக்குவேன்."

அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "முப்பத்தோரு வருஷம் அந்தக் கட்டிடத்துல இருந்தவன் நான். ஆயிரத்து முந்நூறு படம்ங்கிறாங்க. ஒண்ணுலகூடவா நான் இல்ல?"

ரப்பரக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இருந்தார். கருப்பு பூசாத மூலப்படங்களை மூன்று மணி நேரம் தேடியதில் பதினேழு படங்களில் கிடைத்தார். ஒன்றில் முதுகு, ஒன்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒன்றில் பாதித் தொப்பி, ஒன்றில் கொட்டாவி. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பிப் பார்த்தார்.

"இதையெல்லாம் நீங்கதான் அழிச்சீங்களாம்மா?"

"வேலை அதுதான் சார்."

"பதினேழு தடவையா?"

"ம்."

அவர் சிரித்துவிட்டார். கொட்டாவிப் படத்தை மட்டும் தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆனாலும் அந்த நிழலும் நான்தான்" என்றார்.

7

செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒரு சிறிய அறை, ஒரே ஒரு கண்ணாடி, ஒரு நிழல், அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள். (இதை நகைச்சுவையாக எழுதலாம் என்று நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். ரப்பரக்கா படித்துவிட்டு, "அன்னைக்கு யாரும் சிரிக்கல" என்று மட்டும் சொன்னாள். கிழித்துவிட்டேன்.)

"அது நான்தாம்மா" என்றார் தபால்காரர்.

"இல்லைங்க. என் தம்பி."

"தம்பி அங்க எதுக்கு வரப்போறாரு?"

"ஏன், தபால் ஆபீசுக்கு யாரும் வரக்கூடாதா? லெட்டர் போட வந்திருப்பான்."

"எந்தத் தெரு நீங்க?"

தெருவைச் சொன்னார். தபால்காரரின் முகம் மாறியது. "மாடிப்படிக்குக் கீழ தையல்கடை. உங்கப்பா கழுத்துல எப்பவும் டேப் தொங்கும். காசு கொடுத்தாலும் சிரிக்க மாட்டாரு."

"ஆமா."

"அந்தத் தெருவுக்குத் தபால் நான்தான் போட்டேன்."

தையல்கடை அம்மாள் கையிலிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்தது ரப்பரக்காவுக்குத் தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டார். "எங்க கடைக்கு... எங்க தம்பிகிட்ட இருந்து ஏதாவது வந்துச்சாங்க?"

தபால்காரர் அந்த அம்மாளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். 

"வந்துச்சு" என்றார். "பதிவுத் தபால். உங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினாரு."

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

தையல்கடை அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தபால்காரர் எழுந்துகொண்டார். "அந்த நிழல் உங்க தம்பியாவே இருக்கட்டும்மா. எனக்குத்தான் பதினேழு இருக்கே."

ரப்பரக்கா வாசல்வரை அவர் பின்னாலேயே போனாள்.

"சார், நிஜமாவே வந்துச்சா?"

"வந்திருக்கும்மா."

"வந்துச்சான்னு கேட்டேன்."

அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார். "எத்தனை வீட்டு வாசல்ல எத்தனை பேரு நின்னு, இன்னைக்கும் ஒண்ணும் இல்லையான்னு கேட்டிருக்காங்க தெரியுமா? இல்ல இல்லன்னே சொல்லிச் சொல்லி வயசாயிடுச்சு. ஒரு தடவை இருக்குன்னு சொல்லணும்போல இருந்துச்சு." பிறகு ஏதோ நினைத்தவர் மாதிரி, "ஆனா அந்தக் கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது நிஜம்மா. உங்கப்பா கையெழுத்து, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கும். யாரு அனுப்பினதுன்னுதான் ஞாபகம் இல்ல" என்றார்.

"எங்கப்பா இல்ல சார், அவங்கப்பா."

"ஆமா, அவங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதை உள்ளே போய்ச் சொல்லவேண்டும். ரப்பரக்காவின் கால் உள்ளேதான் போனது. தையல்கடை அம்மாள் தலையை நிமிர்த்தி, "நல்ல மனுசன், இல்ல?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டாள். நல்ல மனுசர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கேள்வி அதுவாக இல்லையே என்று அன்று முழுக்க அவளை உறுத்திக்கொண்டிருந்தது. என்னையும்தான். அவள் சொல்லியிருக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். சொல்லும்போது கொடுமைக்காரியாகிறாள், சொல்லாதபோது கோழையாகிறாள். நடந்ததை நடந்தபடியே விட்டுவிட்டேன்.

8

புதன்கிழமை திட்டத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

"அந்த நிழலை எடுத்துடுங்கம்மா. வெள்ளிக்கிழமை திறப்பு. நாம கட்டினது கட்டிடத்தை. அதுல ஆளு இருக்கக்கூடாது."

"ஆளு இல்ல சார். நிழல்."

"ஆறாயிரம் பேரை எடுத்தீங்க. ஒருத்தருக்காகவும் யோசிக்கல. இப்ப மட்டும் என்ன?"

"அவங்கல்லாம் மூலப்படத்துல பத்திரமா இருக்காங்க சார். முந்தாநாள்கூட ஒருத்தரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இந்த ஆளு எந்தப் படத்துலயும் இல்ல. நிழல் மட்டும்தான். இதையும் எடுத்தா ஆளே இல்லாமப் போயிடுவாரு."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிழலும் மூலப்படத்துல இருக்குமேம்மா?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு நாள் கோட்டை மாதிரி கட்டிவைத்திருந்த நியாயம் ஒரே வார்த்தையில் சரிந்துவிட்டது. உண்மைதான். அழித்தாலும் எங்கேயும் போய்விடாது. ஆனாலும் அழிக்கக் கை வரவில்லை. 

"தெரியல சார்" என்றாள். "வேணாம்னு தோணுது. அவ்வளவுதான்."

தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார். மாலையில் விளக்கச் சீட்டில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்: 'ஒன்பதாம் படியில் தெரியும் நிழல் கட்டிடத்தின் பகுதி அல்ல.' இப்போதும் அந்த வரி அங்கே இருக்கிறது. நிழலும் இருக்கிறது. நீங்கள் போனால் பார்க்கலாம்.

9

முடிவுகள்.

முதல் வரைவில் அந்த நிழல் என்னுடையது என்று முடித்திருந்தேன். இளைஞனாக இருந்தபோது நானும் அந்தப் படிகளில் நின்றவன்தான். என் கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு, அவை திரும்பி வருவதற்காக. என் மனைவி படித்துவிட்டு, "உங்களுக்கு எல்லாத்துலயும் நீங்க இருந்தாகணும்" என்றாள். எடுத்துவிட்டேன்.

இரண்டாவதில் தம்பியே வந்துவிடுகிறான். நரைத்த தலையோடு வரிசையில் நிற்கிறான். ஒற்றைக் காலை (போதும்.)

மூன்றாவது முடிவு நான் எழுதியதல்ல. வியாழக்கிழமை நடந்தது. தையல்கடை அம்மாள் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு எண்பத்து நான்கு வயது. பல் கிடையாது. காது மந்தம். பதிவுத் தபாலைப் பற்றி மகள் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. "கேட்டா இல்லம்பாரு. இல்லன்னா அப்புறம் நான் எப்படி அவருக்குச் சோறு போடுவேன்? நம்பவும் முடியாது, நம்பாம இருக்கவும் முடியாது" என்று ரப்பரக்காவிடம் சொன்னாராம். அதனால், பழைய தபால் ஆபீசைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

கண்ணாடியை மகளே மாட்டிவிட்டார். வார் காதில் இடிக்காமல் சரிசெய்தார். முதியவர் அசையாமல் நின்றார். பிறகு தலை மெல்ல மேலே போனது. தூண்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"அட" என்றார்.

வலது காலைத் தூக்கிப் படியேறப் பார்த்தார். தரையில் படி இல்லை. தடுமாறியவரை மகள் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துப்பா. ஏற வேணாம். நின்னே பாருங்க."

"வழுக்கும். மழை பெஞ்சா இந்தப் படி வழுக்கும்." தலை இடமும் வலமும் திரும்பியது. "ஒருத்தரையும் காணோமே? இன்னைக்கு லீவா?"

ரப்பரக்காவுக்கு ஆறாயிரம் பேரும் எங்கே என்று அவளிடமே கேட்டதுபோல இருந்தது.  

முதியவரின் முகம் வலப்பக்கமாகத் திரும்பிக் கீழே இறங்கி நின்றது. அவர் எதைப் பார்க்கிறார் என்று திரையில் தெரிந்தது. ஒன்பதாம் படி. மகளின் கை அவர் முழங்கையை இறுக்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வாக்கியம் சொன்னார்.

"யாருப்பா? யாரு?" என்று காதருகே குனிந்து கேட்டார் மகள்.

"கழட்டு. கழுத்து வலிக்குது."

கழற்றினார். முதியவரின் நெற்றியில் கண்ணாடியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது; மகள் அதைத் தலைப்பால் தேய்த்துவிட்டார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ரப்பரக்கா பார்த்தவரை முகத்தில் எதுவும் தெரியவில்லை. எண்பத்து நான்கு வயது முகத்தில் எதுவும் தெரியாமலிருப்பது ஒன்றும் அதிசயமில்லை என்றும் அவளே சொன்னாள்.

அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தையல்கடை அம்மாள் மறுபடி உள்ளே வந்தார். கண் மின்னியது. "கேட்டீங்கல்ல? 'இன்னும்'னாரு. உங்க காதுல விழுந்துச்சுல்ல? அப்ப அவன் அங்க நின்னது அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பாத்திருக்காரு. தினமும் பாத்திருக்காரு."

ரப்பரக்கா தலையசைத்தாள்.

அவள் காதில் விழுந்தது 'இன்னும்' இல்லை. 'இங்க'. விடுமுறை நாளில் ஆபீஸ் வாசலில் வெட்டியாக நிற்கும் எவனோ ஒருவனைப் பார்த்து எந்தப் பெரியவரும் கேட்கக்கூடிய கேள்வி. "ஆனா அந்தம்மா பக்கத்துல இருந்தாங்க. நான் ரெண்டடி தள்ளி இருந்தேன். அவருக்குப் பல்லும் இல்ல. ஃபேன் வேற. எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க?" என்று என்னிடம் கேட்டாள். உடைந்த கட்டிடத்தையே அள்ளிச் சேர்த்த அந்த அறையில் அன்று ஒரு மைக்கூட ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வாக்கியத்தை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. 'இன்னும்' என்று போட்டால் ஒரு தகப்பன் மகன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் அவனைக் கடந்து போயிருக்கிறான். 'இங்க' என்று போட்டால் அது யாருடைய நிழலோ. ஓர் அம்மாள் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். எதைப் போட்டாலும் நாளை அந்தத் தையல்கடையைத் தாண்டி நான் போகவேண்டும். என் சட்டை ஒன்று அங்கே கிடக்கிறது. உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அந்த அம்மாளை உங்களுக்குத் தெரியாது. அவர் காதுக்கும் ரப்பரக்கா காதுக்கும் நடுவில் நின்று நீங்களே கேட்டுப் பாருங்கள். முதியவர் சொன்னது இது. ஒரே ஒரு வார்த்தைதான் விட்டிருக்கிறேன்.

"இவன் எதுக்கு .............. நிக்கிறான்?"